ஆறாவது கையெழுத்து

செண்பகவல்லி மூன்று பெயர்களை எழுதினாள். எழுதிய கையோடு இரண்டை அடித்தாள். மிஞ்சி நின்ற பெயரைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அலோசியஸ்.

எந்த நாடு என்று கேட்காதீர்கள். வருடத்தில் ஆறு மாதம் பனி பெய்யும், மீதி ஆறு மாதம் பனியைப் பற்றியே பேசும் ஒரு வடக்கத்தி நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை ஒட்டிய சின்ன நகரம். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பிரிவில் ஒன்பது வருடமாகப் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள் கோவில்பட்டிக்காரி செண்பகவல்லி. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் ஆதிரையை நாலு வயதில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறியவள். இப்போது பிள்ளைக்குப் பதின்மூன்றரை. பதினான்கு முடிவதற்குள் தாய்க்குக் குடியுரிமை கிடைத்தால் கூட்டிக்கொள்ளலாம். ஒரு நாள் தள்ளிப் போனாலும் ஆதிரை யாரோ, செண்பகவல்லி யாரோ. சட்டம் அப்படி.

மொழித் தேர்வு, சரித்திரத் தேர்வு, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டன. சாட்சி ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுதான் எல்லாரையும் பதம் பார்க்கிற ஒன்று.

சாட்சி என்றால் இந்தக் காலத்துச் சாட்சி. குடியுரிமை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி அவளுக்கு விளக்கினாள். மேசை மேலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி அவள் பேசப் பேசத் தமிழில் சொல்லிற்று. எந்தப் புண்ணியவான் அதற்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தானோ, கல்வெட்டு வாய் திறந்தது போலிருந்தது.

"தங்களைக் குறைந்தது ஏழாண்டுகள் அறிந்த குடிமகன் ஒருவர், தங்களைப் பற்றிய தம் நினைவுகளை அரசுக்கு அளித்தல் வேண்டும். இயந்திரம் அவற்றை எடை போடும்."

"எடுத்துப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்திருவீங்கல்லா?"

"இயலாது. உருவப்பட்ட நினைவு மீளாது. சாட்சி தங்களை முற்றிலும் மறந்துவிடுவார். சாட்சியம் அளித்ததையும் மறந்துவிடுவார்."

"எதுக்கு இந்தக் கொடுமை? வாயால சொன்னா ஆகாதா?"

அதிகாரி தோளைக் குலுக்கினாள். கருவி சொன்னது: "இழக்க ஏதுமற்றவர் எளிதில் பொய்யுரைப்பர். முன்பு அவ்வாறே நடந்தது. சாட்சியம் அளித்தவரிடம் அதைப் பற்றி எவரும் பின்னர் தெரிவித்தல் கூடாது. தாங்கள் தெரிவித்தால் தங்கள் குடியுரிமை இரத்தாகும்."

ஆக, இந்த நாட்டில் குடியேற வேண்டுமானால், நம்மேல் பிரியம் வைத்திருக்கிற ஒருத்தர் நம்மை மறந்தாக வேண்டும். பிரியம் குறைவான ஆளைக் கொண்டு போனால் எடை தேறாது. அதனால்தான் செண்பகவல்லி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, யார் மறந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். முதல் பெயர் சலவைப் பிரிவுத் தலைவி; அவளுக்கு இவளைப் பற்றி ஒன்பது வருடத்தில் ஒன்பது நினைவு இருந்தால் அதிகம். இரண்டாவது, கூடத் தங்கியிருக்கும் ஜெயசீலி. மகள் வந்தபின் ஆத்திர அவசரத்துக்கு அவள் வேண்டும். மூன்றாவது அலோசியஸ். மீன் வெட்டுகிறவர். தனிக்கட்டை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்.

இப்படி யோசித்தோமே என்று அவள் பிறகு எத்தனையோ தடவை தன் மண்டையில் தானே குட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு யோசித்தாள்.

அலோசியஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் மீனவர் ஊரான குருநகரில் பிறந்தவர். இந்தச் சாட்சிச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்னாலேயே வந்து குடிமகனாகிவிட்டவர். துறைமுகத்துத் தமிழ்க் கடையில் மீன் பிரிவு அவருடையது. செண்பகவல்லி வந்த முதல் குளிர்காலத்தில் கடை வாசலில் பனியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வெளியே வந்தவர் கையைப் பிடித்துத் தூக்கி, "விழுந்ததுக்கா அழுறீர், இல்லாட்டி வந்ததுக்கா?" என்று கேட்டார். அவள் அழுகையோடே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில். ஆதிரை போனில் அவரை "மீன் மாமா" என்பாள். அவளுக்குப் பின்னம் கழித்தல் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், முழு மீனைத் துண்டு போட்டுக் காட்டி.

அந்த மனிதரிடம் போய்க் கேட்டாள்.

"இதுக்கோ பிள்ளை இவ்வளவு நேரம் வாசல்ல நிண்டு முழிச்சனீர்?" என்றார் அவர். "எனக்கு உம்மை மறந்து போகும். அவ்வளவுதானே? உமக்கு நான் மறந்து போகமாட்டன்தானே?"

"மறக்கிற மூஞ்சியா அண்ணாச்சி உங்க மூஞ்சி? மறுநாளே வந்து புதுசா அறிமுகமாகிக்கிடுவேன், பாருங்க."

"ஓம், ஓம். நீர் திரும்பவும் வந்து என்ர வாசல்ல விழும். நான் தூக்கி விடுறன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதே அதிகாரி ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தாள். ஏழு தாள்கள். ஒவ்வொன்றிலும் சாட்சி கையெழுத்திட வேண்டும். நாலாவது தாளை மட்டும் உருவி மேலே வைத்தாள்.

"தங்கள் சாட்சி இதுவரை ஐந்து முறை சாட்சியம் அளித்துள்ளார்," என்றது கருவி.

செண்பகவல்லிக்குப் புரியவில்லை. "யாரு? அலோசியஸ் அண்ணாச்சியா? அப்படியெல்லாம் ஒண்ணும் சொன்னதில்லையே."

"அவர் அறியமாட்டார்."

அப்போதுதான் தாளைப் பார்த்தாள். பெயர் ஒன்றும் இல்லை. வருடமும் உறவும் மட்டும் வரிசையாக இருந்தன. கடைசி வரியிலிருந்து மேலே போனாள். நண்பர். நண்பர். பக்கத்து வீட்டார். உடன் வேலை செய்தவர். முதல் வரி, பதினாறு வருடத்துக்கு முந்தியது: மனைவி.

"தப்பா இருக்கும்மா. அவருக்குக் கல்யாணமே ஆகலை. ஒருத்தியும் அமையலைன்னு அவரே சொல்லியிருக்காரு."

"தம் அறிவுக்கு எட்டியவரை அவர் உண்மையே உரைத்துள்ளார்."

அதிகாரி கருவியை அணைத்துவிட்டு, தன் மொழியிலேயே நிதானமாகப் பேசினாள். ஒன்பது வருடத்தில் அந்த மொழி செண்பகவல்லிக்கும் பழகியிருந்தது. "நாலு தடவைக்கு மேல் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப உருவும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். சொல்லக் கூடாத விஷயம் என்றாலும், மறுபடி சாட்சியாக வருகிறவர் இந்தத் தாளில் மட்டும் அதைப் படித்தாக வேண்டும். படிக்கிறவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள்."

"படிச்சாரான்னு நீங்க பார்ப்பீங்களா?" என்று தானும் அதே மொழியில் கேட்டாள் செண்பகவல்லி.

அதிகாரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்போம்."

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. கேட்டதும் செண்பகவல்லிக்கு முகம் சுட்டது. ஆனால் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சொந்த மனிதர் நீட்டுகிற தாளைப் படித்துப் பார்க்கமாட்டோம். படித்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். மச்சானுக்கு ஜாமீனா, சிநேகிதனுக்குச் சாட்சியா, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவோம். கோவில்பட்டியிலும் அப்படித்தான், குருநகரிலும் அப்படித்தான். இது செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். வருகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, மேலே இருந்த தாளை எடுத்து மறுபடி நாலாவதாகச் செருகினாள்.

கடையில் கூட்டமில்லை. அலோசியஸ் கை கழுவி, ஏப்ரனில் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"ஒரு தடவை படிச்சுப் பார்த்திருங்க அண்ணாச்சி," என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. சொல்லாமலே இருந்திருந்தால்கூடப் போகட்டும். அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரிந்தே சொன்னாள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறீர்? நீர் தாற பேப்பரை நான் படிச்சுப் பார்த்தே ஒப்பம் வைக்க வேணும்? நான் என்ன பிறத்தியாளோ?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா சொன்னேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தாளில் பேனா எழுதவில்லை. உதறினார். மறுபடி வைத்தார். அவர் கண் தாளின் மேலேயே இருந்தது. அவர் விரலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் முதல் வரியில் விழுந்தது.

"பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?" என்றார்.

"பதிமூணரை."

"கெதியாக் கூப்பிடும். வளர்ந்திட்டால் பிறகு தாயெண்டு ஒட்டாதுகள்." கையெழுத்துப் போட்டார்.

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு பெண்சாதி இருந்திருக்கா என்று ஆரம்பித்தால் போதும். அவள் ஆரம்பிக்கவில்லை. ஈரமான இடத்தைச் சட்டைக் கையால் ஒற்றி எடுத்துவிட்டு, தாள்களைப் பைக்குள் வைத்தாள்.

சாட்சியத்துக்கு முதல் நாள் இன்னொரு வேலை இருந்தது. சாட்சியின் வீட்டில் விண்ணப்பதாரரின் சுவடு ஒன்றும் மிஞ்சக் கூடாது. எடுக்க வேண்டியது விண்ணப்பதாரரின் பொறுப்பு. அலோசியஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "உம்மட புளியைக் கொண்டு போயிடாதேயும், அது எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆதிரை வரைந்து அனுப்பிய மீன் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து உரித்தாள். அவருக்குப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை எடுத்தாள். தன் கையெழுத்தில் இருந்த மசாலாப் புட்டிச் சீட்டுகளைக் கிழித்தாள். அவர் விட்டுவிட்டுப் போன போனிலிருந்து ஒன்பது வருடத்துப் பேச்சை அழித்தாள். புளியை எடுக்கவில்லை.

இத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து போன வீடு. அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் படம் இல்லாமல் வெறும் ஆணிகள் நாலைந்து இருந்தன. தனி ஆளின் படுக்கையறையில் இரட்டைக் கட்டில் கிடந்தது. "இவ்வளவு பெரிய கட்டிலை ஏன் வாங்கினனெண்டு எனக்கே தெரியாது," என்று ஒரு தடவை சொல்லி அவர் சிரித்ததும், கூடச் சேர்ந்து அவளும் சிரித்ததும் ஞாபகம் வந்தது. இந்த வீட்டை அவளுக்கு முன்னால் ஐந்து பேர் துடைத்திருக்கிறார்கள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, அழுத முகத்தைத் துடைத்த துண்டையும் எடுத்துப் பையில் போட்டாள். அதுவும் அவள் கொடுத்ததுதான்.

மறுநாள் நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அழகு நிலையத்தில் முடி உலர்த்துகிற தொப்பி மாதிரி ஒன்றை அலோசியஸின் தலையில் கவிழ்த்தார்கள். உள்ளே போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். விண்ணப்பதாரர் அதற்குமேல் அங்கே நிற்கக் கூடாது என்பது விதி. அவள் வெளிவாசலில் நின்றாள். அலோசியஸ் வந்தார். கதவைத் திறந்தவர், குளிரில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்து, அவள் உள்ளே போகட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் அசையவில்லை. மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. சாட்சிய எடை நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. இந்த அலுவலகத்தில் இவ்வளவு எடை யாருக்கும் வந்ததில்லை என்று அந்த அதிகாரி கீழே பேனாவால் எழுதியிருந்தாள். பாராட்டித்தான் எழுதியிருப்பாள். செண்பகவல்லிக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. கூட வேலை செய்தவர்கள் கேக் வெட்டினார்கள். அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

ஆதிரைக்கு விசா வந்தது, டிக்கெட் போட்டாயிற்று. "மீன் மாமா ஏம்மா பேசுறதே இல்ல?" என்று போனில் கேட்டாள். "அவரு ஊருக்குப் போயிட்டாருடி," என்றாள் தாய். பொய் சொல்வது பழக்கமாகிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகக் கடைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றுப் பாதையில் வேலைக்குப் போய்வந்தாள். மறுநாளே வந்து அறிமுகமாகிக்கொள்கிறேன் என்று வாய் கிழியச் சொன்னவள்.

ஒரு சனிக்கிழமை, இனிமேல் முடியாது என்று கிளம்பிப் போனாள்.

மீன் பிரிவில் வரிசை. அலோசியஸ் கத்தியும் கையுமாக நின்றார். இளைத்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் ஒரு மீனைக் காட்டிப் பேர் கேட்டபோது, குனிந்து தட்டில் செருகியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "விளைமீன்," என்றார். குருநகர் மனிதர், விளைமீனின் பேரைச் சீட்டில் பார்த்துச் சொன்னார். செண்பகவல்லி வரிசையில் நிற்பதும், தன் முறை வரும்போது பின்னால் வந்தவர்களை முன்னே விடுவதுமாக இருந்தாள்.

"நீர் மீன் வாங்க வந்த ஆள் இல்லை," என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண். ஐம்பது தாண்டியவள். கையில் ஏற்கெனவே வாங்கிய மீன் பை இருந்தது. வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். குரலைத் தாழ்த்தி, "எத்தினையாவது ஆள்?" என்று கேட்டாள்.

செண்பகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஆறு."

"நான் முதலாவது. ரெஜினா."

இருவரும் மசாலாப் பெட்டிகள் இருந்த பக்கம் ஒதுங்கினார்கள். ரெஜினா அவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"என்ர அம்மா அப்ப வவுனியாவிலை படுக்கையிலை. கூப்பிட வேணுமெண்டால் எனக்கு சிட்டிசன் வேணும். இவர்தான் சொன்னவர், மறந்தால் என்ன, திரும்ப வந்து என்னைப் பாரும், திரும்பக் கட்டுவம் எண்டு. நானும் நம்பினன். அடுத்த கிழமை இதிலை வந்து நிண்டன். 'என்ன மீன் வேணும் அக்கா?' எண்டார்." அவள் மீன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கட்டின மனுசன் அக்கா எண்டு கேக்கிறார். நான் அரைக் கிலோ சூடை எண்டன்."

"புதுசாப் பழகியிருக்கலாமே அக்கா. அதுக்குச் சட்டத்துல தடையில்லைல்லா?"

"சட்டம் மறிக்கேல்லை. முகம்தான் மறிக்குது. பழகினால் ஒருநாள் கேப்பார், நீர் ஏன் இவ்வளவு காலம் தனிய இருந்தனீர் எண்டு. என்ன சொல்லுவன்? உம்மை வித்துத்தான் வந்தனான் எண்டோ?"

"அதுக்கப்புறமும் இத்தனை பேருக்கு..."

"தனக்கு ஒருத்தருமில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற மனுசன். ஆரும் வந்து அண்ணை எண்டால் உருகிப்போவார். உருகினால் உயிரையும் குடுப்பார். குடுத்த பிறகு திரும்பவும் ஒருத்தருமில்லை." ரெஜினா அவள் பக்கம் திரும்பினாள். "உமக்கு அந்த நாலாவது பேப்பர் தந்தவையோ?"

"தந்தாங்க."

"அவர் படிச்சவரோ?"

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் ரெஜினாவுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. முதல் ஆளுக்கு அதில் எழுத என்ன இருக்கும்? இவளுக்கு இருந்தது. இவள் தெரிந்து செய்தவள். ரெஜினா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வரிசை தீர்ந்துவிட்டது. "தங்கச்சி, உங்களுக்கு?" என்று அலோசியஸ் கூப்பிட்டார்.

அவள் போய் நின்றாள். எதையோ காட்டினாள். அவர் எடுத்து வெட்டத் தொடங்கினார். வெட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். அதுதான் அவர் சுபாவம். அதை மட்டும் இயந்திரத்தால் உருவ முடியவில்லை.

"இந்தியாவோ? கனகாலமோ வந்து?"

"ஒன்பது வருஷம்."

"ஒன்பது வருசமோ! இஞ்சாலை நான் ஒருநாளும் கண்டதில்லையே. குடியுரிமை கிடைச்சிட்டுதோ?"

"கிடைச்சிருச்சு. மூணு மாசம் ஆகுது."

"சந்தோசம். ஆர் சாட்சி நிண்டது?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். மசாலாப் பெட்டிகள் பக்கம் ரெஜினா இன்னும் நிற்பது தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் கடிதம் போச்சு, விசா போச்சு, வருகிற பிள்ளை போச்சு.

"தெரிஞ்சவரு ஒருத்தரு," என்றாள்.

அலோசியஸ் கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"தெரிஞ்சவர் எண்டு லேசாச் சொல்லாதேங்கோ தங்கச்சி. தன்ர சீவியத்திலை ஒன்பது வருசத்தை வெட்டித் தந்த மனுசனல்லோ. அவர் உங்களை மறந்திருப்பார், அது அவரின்ர பிழையில்லை. நீங்கள் அவரை மறந்திடாதேங்கோ. தனி ஆள் எண்டால், இடைக்கிடை போய் எப்பிடி இருக்கிறாரெண்டு பாத்துக்கொள்ளுங்கோ."

"சரி அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி.

அவர் மீனைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, பலகையைக் கழுவத் தண்ணீரைத் திறந்தார்.